பனித்தளத்துக்கு வெளியே உருவான காப்பாளர்

ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளர் காக்க வேண்டிய வாயில் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்டது. அதை நோக்கி அடிக்கப்படும் ‘பக்’ எனும் கெட்டியான ரப்பர் வட்டு 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உடையதாய், வலுவான அடியில் மணிக்கு 160 கிலோமீட்டரையும் கடந்து பாய்வது. இதைத் தடுப்பதற்கு வேண்டிய கண்ணையும் கையையும் இடுப்பையும் காலையும் பனித்தளத்துக்கு வெளியே, ஸ்கேட் அணியாமல் வெறுந்தரையில் பழக்கும் முறையே தரைப் பயிற்சி எனப்படுகிறது. இன்று எந்த நல்ல அணியும் இதைத் தவிர்ப்பதில்லை என்றாலும், இது முறையான ஒரு கல்வியாக வளர்ந்தது விளையாட்டின் தாயகமான கனடாவில் அன்று, பனித்தளத்துக்கே பஞ்சம் நிலவிய சோவியத் நாட்டில்தான் என்பது வரலாற்றில் போதிய அழுத்தத்துடன் சொல்லப்படாத செய்தியாகும்.

கனடாவில் நீண்ட குளிர்காலமும் உறைந்த ஏரிகளும் இருந்ததால், ஹாக்கிக்காரர் என்பவர் பனிமேல் விளையாடி விளையாடியே உருவாகிறார் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. கோல்காப்பாளரின் நிலை இன்னும் மோசமானது. 1918 ஜனவரி வரை தேசிய ஹாக்கி லீகில் அவர் பக்கைத் தடுக்கப் பனியில் விழுவதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. விதி தளர்ந்த பின்னரும், அவருக்கென்று தனிப் பயிற்சியாளரோ தனிப் பாடமோ கிடையாது. பயிற்சி நேரத்தில் அவர் மற்றவர்கள் குறிபார்த்து அடிக்கும் இலக்காகவே நின்றார். ஆட்டக்காரர்கள் கோடையில் வேறு வேலைகளுக்குச் சென்று, இலையுதிர்காலப் பயிற்சி முகாமில் உடலைச் சீர்செய்துகொள்வதே வழக்கமாயிருந்தது.

இந்த வழக்கத்தை மறுத்து எழுதியவர் டொரோண்டோ நகர உடற்பயிற்சி வல்லுநர் லாயிட் பெர்சிவல். ஹாக்கியின் ஒவ்வொரு அசைவையும் பகுத்தாராய்ந்து, ஆட்டக்காரரின் உடல்தகுதியையும் உணவையும்கூடப் பயிற்சியின் பகுதியாகக் கொண்ட அவரது ஹாக்கிக் கையேடு 1951இல் வெளியானது. மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் பயிற்சியாளர் டிக் இர்வின் அதை ஏளனமாக ஒதுக்கினார். கனடிய ஹாக்கி உலகமும் பெரும்பாலும் அவரையே பின்பற்றியது. சொந்த மண்ணில் தள்ளப்பட்ட அந்நூலைக் கருத்தூன்றிப் படித்தவர் மாஸ்கோவில் இருந்த அனதோலி தராசோவ் என்ற பயிற்சியாளர்.

சோவியத் நாட்டில் ஐஸ் ஹாக்கியின் முதல் தேசியப் போட்டித் தொடர் 1946 டிசம்பர் 22 அன்றுதான் தொடங்கியது. அதற்குமுன் அங்கு ஆடப்பட்டது ‘பேண்டி’. அதாவது, பரந்த பனித்திடலில் பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டம். அதில் கோல்காப்பாளருக்கு மட்டையே கிடையாது. கைகளாலும் உடலாலும் பந்தைத் தடுக்க வேண்டும். புதிய ஆட்டத்துக்கு வந்த காப்பாளர்கள் பேண்டியிலும் கால்பந்திலும் பழகிய கைகளுடன் வந்தனர். உலகக் கால்பந்து வரலாற்றின் தலைசிறந்த காப்பாளர்களுள் ஒருவரான லெவ் யாஷின், 1953இல் மாஸ்கோ டைனமோ அணியின் ஐஸ் ஹாக்கி வாயிலைக் காத்துச் சோவியத் கோப்பையை வென்றவர் என்பது இந்தத் தொடர்பை நன்கு விளக்கும். 1950களின் நடுப்பகுதி வரை மாஸ்கோவில் கூரையிட்ட பெரிய செயற்கைப் பனித்தளம் இல்லாததால், ஆண்டின் பெரும்பகுதி பயிற்சி தரையிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தைத் தராசோவ் ஒரு பாடத்திட்டமாக மாற்றினார்: எடை தூக்குதல், குட்டிக்கரணம், தாவிக் குதித்தல், கூடைப்பந்து, கால்பந்து என்று பல துறைகளின் பயிற்சிகளும் ஹாக்கிக்காரரின் அன்றாட வேலையாயின.

இம்முறையின் முழுமையான விளைவு விளாதிஸ்லாவ் திரெத்தியாக். 1952இல், விமானப்படை வீரருக்கும் உடற்பயிற்சி ஆசிரியைக்கும் மகனாகப் பிறந்த அவர், ‘சிஎஸ்கேஏ’ எனும் இராணுவக் கழகத்தின் சிறுவர் பள்ளியில் 11 வயதில் சேர்ந்து, பதின்ம வயதிலேயே தராசோவின் கைக்கு வந்தார். ஒரு டென்னிஸ் பந்தை எப்போதும் உடன் வைத்திருந்து, எங்கு சென்றாலும் அதை எறிந்து பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தராசோவின் கட்டளை. கடலில் குளிக்கும்போதுகூட அதற்கு விலக்கு இல்லை. இதைப் பயிற்சியாளரின் வெறித்தனம் என்று கருதுவோர் உண்டு. ஆயினும், கை தன்னிச்சையாகப் பொருளைத் தேடிச் செல்லும் நிலையை எட்டுவதற்கு, பனித்தளத்தில் கிடைக்கும் ஓரிரு மணி நேரம் போதாது என்ற தெளிவு அக்கட்டளையில் இருந்தது. கடைத்தெருவில் சில காசுக்குக் கிடைக்கும் பந்து, விலையுயர்ந்த பனித்தளத்தால் தர முடியாத ஒன்றைத் தந்தது: எண்ணிக்கையற்ற மறுமுறைகள். 1972 பிப்ரவரியில் சப்போரோ ஒலிம்பிக்கில் திரெத்தியாக் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19.

அவ்வாண்டு செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சோவியத் அணியை எட்டு ஆட்டங்கள் கொண்ட தொடரில் சந்தித்தனர். முன்கூட்டி வேவு பார்த்தவர்கள் திரெத்தியாக்கை வலுவற்ற காப்பாளர் என்று மதிப்பிட்டிருந்தனர். செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் நடந்த முதல் ஆட்டத்தைச் சோவியத் அணி 7-3 எனக் கைப்பற்றியது. தொடரைக் கனடா நூலிழையில் வென்றதெனினும், எதிரணியினரின் உடல்தகுதியும் அந்த இளைஞரின் சலியாத கால்களும் வட அமெரிக்கப் பயிற்சி முறையின் மீது ஆழ்ந்த ஐயத்தை விதைத்தன.

ஐயம் செயலாக மாறக் காலம் பிடித்தது. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் வென்ற அமெரிக்க அணியில் காப்பாளர்களுக்கென்றே வாரன் ஸ்ட்ரெலோ என்ற பயிற்சியாளர் இருந்தார். 1990இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் கழகம் திரெத்தியாக்கையே கோல்காப்பாளர் பயிற்சியாளராக அமர்த்தியது. அவரிடம் பயின்ற எட் பெல்ஃபோர், அந்தப் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கும் சிறந்த காப்பாளருக்கும் உரிய விருதுகள் இரண்டையும் பெற்றார். பிற்காலத்தில் வேறு அணிகளில் ஆடியபோது, தம் ஆசானின் 20ஆம் எண்ணையே அணிந்தார்.

இதற்கிடையே ஆட்டமுறையே மாறியது. முழங்கால்களைப் பனியில் ஊன்றிக் கீழ்க்கால்களை இருபுறமும் விரித்து வாயிலின் அடிப்பகுதியை அடைக்கும் ‘பட்டர்ஃபிளை’ நிலையைக் கிளென் ஹால் முன்னரே கையாண்டிருந்தார். பத்ரிக் ருவாவும் அவருடைய பயிற்சியாளர் ஃபிரான்சுவா அல்லேரும் 1980களில் அதைப் பொதுமுறையாக்கினர். இந்நிலை தொடையெலும்பை உட்புறமாகத் திருப்பி இடுப்புமூட்டின் மீது கடும் சுமையை ஏற்றுவதால், காப்பாளர்களிடையே இடுப்புக் காயங்கள் பெருகின. எனவே இன்றைய தரைப் பயிற்சி கையைவிட இடுப்பின் வலிமைக்கும் அசைவுக்கும் அதிக நேரம் ஒதுக்குகிறது. பழைய டென்னிஸ் பந்து மறையவில்லை. சுவரில் எறிந்து பிடித்தல் இன்றும் முதல் பாடமாகவே உள்ளது.

முகமூடியையும் மெத்தைக் காலுறைகளையும் கோல்காப்பாளரின் வரலாறாகக் காட்டும் நூல்கள், உடலைத் தயார்செய்த இந்த நீண்ட உழைப்பையும் அதே அளவுக்குப் பேச வேண்டும். சிறு வயதினருக்குப் பயிற்சியளிப்போரும் இந்த வரலாற்றைக் கருத்தில் கொண்டு, தரையில் இடுப்பையும் காலையும் பலப்படுத்தாத சிறுவரைப் ‘பட்டர்ஃபிளை’ நிலையில் மணிக்கணக்கில் விழச் செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.