சேர்வராயன் மலையின் முன்பணத் தொழிலாளர் முறை

சேர்வராயன் மலையின் முன்பணத் தொழிலாளர் முறை என்பது, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் ஏற்காட்டையும் அதன் சுற்றுப்புறங்களையும் உள்ளடக்கிய மலைத்தொடரில், 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப் பயன்பட்ட முறையாகும். தென்னிந்தியாவின் பிற மலைத் தோட்டங்களிலும் இலங்கையிலும் இதே முறை சிற்சில வேறுபாடுகளுடன் நிலவியது. தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். எனினும் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலையை விட்டு விலக இயலாதவர்களாக இருந்தனர். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு நீங்கிய காலமும் மலைத் தோட்டங்கள் பெருகிய காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், அடிமை முறைக்கும் கூலி முறைக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை அறிந்துகொள்ள இம்முறை உதவுகிறது.

மைசூர் ஆட்சிக் காலம்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகும். இங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றைப் பயிரிட்டு வந்தனர். இவர்களுக்கும் கேரளத்தின் மலையாள மொழி பேசுவோருக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருளாகும்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலமும் பாராமகாலும் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசின்கீழ் இருந்தன. சர்க்கார்-ஏ-குதாதாத் என்று தன்னை அழைத்துக்கொண்ட திப்புவின் அரசில், போரில் சிறைப்பட்டோரைக் கட்டாயமாக இடம்பெயர்க்கும் வழக்கம் இருந்தது. ஐதர் அலி 1779-இல் சித்திரதுர்க்கத்தைக் கைப்பற்றிய பின் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட இளைஞர்களைக் கொண்டு சேலா எனப்படும் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. இக்கட்டாய உழைப்பு படைக்கும் தலைநகருக்கும் உரியதாக இருந்தது. அடிமைகளைக் கொண்டு நடத்தப்படும் பெருந்தோட்டங்கள் சேர்வராயன் மலையில் இருக்கவில்லை. வேளாண்மை, வரி செலுத்தும் சிறு குடியானவர்களிடமே இருந்தது.

எனினும் சமவெளியில் வேறு ஒரு பிணைப்பு நிலவியது. திருமணம் போன்ற செலவுகளுக்கு நிலக்கிழாரிடம் கடன் பெற்ற பண்ணையாள், அக்கடன் தீரும்வரை அவரிடமே உழைக்க வேண்டியிருந்தது. 1800-1801-இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், மலபாரில் விற்கவும் வாங்கவும் கூடிய அடிமைகளையும், மைசூர்ப் பகுதியில் கடனால் கட்டுண்ட பண்ணை வேலைக்காரர்களையும் கண்டு பதிவு செய்துள்ளார். தோட்டங்களின் முன்பண முறை புதிதாகத் தோன்றியதன்று. இப்பழைய வழக்கத்தின் மீதே அது கட்டப்பட்டது.

காப்பித் தோட்டங்களின் தோற்றம்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் ஏற்பட்ட 1792 சிறீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, சேலமும் பாராமகாலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வசமாயின. அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளராயிருந்த தாமசு மன்றோவும் இங்கு வகுத்த வரி முறையே பின்னர் இரயத்துவாரி முறையாக வளர்ந்தது.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகம் செய்தார். யேமனிலிருந்து காப்பி விதைகளை பாபா பூதன் என்ற சூஃபி பெரியார் 17-ஆம் நூற்றாண்டில் சிக்கமகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது மரபுவழிச் செய்தியாகும். யேமனில் மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களில் குடியானவர்கள் காப்பி பயிரிட்டனர். மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அதே பயிர் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. ஆகவே, எவ்வகை உழைப்பு என்பதைப் பயிர் மட்டும் முடிவு செய்யவில்லை. நிலம் யாரிடம் இருந்தது, சட்டம் யார் பக்கம் நின்றது என்பனவும் முடிவு செய்தன.

சேர்வராயன் மலையில் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகியபோது ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. மலையாளி மக்களுக்குச் சொந்தப் பயிர் இருந்ததால், தோட்டங்கள் பெரும்பாலும் சமவெளியின் நிலமற்ற தொழிலாளரை நம்பின. இவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதியாக இருந்தனர்.

செயற்பட்ட விதம்

தோட்டக்காரர் மேஸ்திரி எனப்பட்ட இடைத்தரகரிடம் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பார். இலங்கையில் இவருக்குக் கங்காணி என்று பெயர். மேஸ்திரி சமவெளி ஊர்களுக்குச் சென்று, குடும்பங்களுக்கு அத்தொகையைப் பங்கிட்டு, அவர்களை மலைக்கு அழைத்து வருவார். தோட்டத்தில் அவர்களை மேற்பார்வை செய்தவரும் அவரே. அவர்கள் வேலை செய்த நாட்களுக்கு ஏற்ப அவருக்குத் தரகு கிடைத்தது.

களையெடுத்தல், நிழல் மரங்களின் கிளை கழித்தல், கவாத்து, உரமிடுதல் ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியில் நடைபெறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலமாதலால் அப்போதே மிகுதியான ஆட்கள் தேவைப்பட்டனர். தொழிலாளர் லைன் வீடுகள் எனப்பட்ட வரிசை வீடுகளில் தங்கினர். கணக்கு முடிக்கும்போது கூலியிலிருந்து முன்பணமும் இடையில் பெற்ற அரிசி முதலியவற்றின் விலையும் கழிக்கப்பட்டன. நோயால் வேலைநாட்கள் குறைந்தால் கடன் தீராமல் அடுத்த ஆண்டுக்கு நகர்ந்தது. கணக்கு மேஸ்திரியிடமும் தோட்டத்திடமும் இருந்ததால், எழுத்தறியாத தொழிலாளரால் அதைச் சரிபார்க்க முடியவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் இக்கடன் துண்டு என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனைச் செலுத்தும் வேறொரு தோட்டத்துக்குத் தொழிலாளர் மாற்றப்படலாம். மனிதரை விற்காமல், அவரது கடனைக் கைமாற்றும் முறை இதுவாகும். இது 1921-இல் ஒழிக்கப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுள் சேலம் மாவட்டத்தினரும் இருந்தனர்.

சட்டங்கள்

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்களித்தது. இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று கூறிக் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என விதித்தது. ஆயினும் அடிமை வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே ஒருவரை அடிமையாக வாங்குதலையும் விற்றலையும் குற்றமாக்கியது.

இதற்கிடையே 1859-இல் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலை செய்ய மறுப்பவரை, பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ நீதிபதி பணிக்கலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். சாதாரணக் கடன் வழக்காக இருக்க வேண்டியது இவ்வாறு குற்ற வழக்காயிற்று. கூலி கொடுக்கத் தவறிய முதலாளிக்கு இதற்கு இணையான சிறைத் தண்டனை இச்சட்டத்தில் இல்லை. இது 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

இசுலாமிய அரசுகளின் தோட்ட அடிமை முறையுடன் ஒப்பீடு

இதே நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் இரு இசுலாமிய அரசுகளில் தோட்ட வேளாண்மை அடிமைகளைக் கொண்டு நடைபெற்றது.

சொக்கோட்டோ கலீபகம்: உசுமான் டான் ஃபோடியோ 1804-இல் தொடங்கிய புனிதப் போரின் விளைவாக, இன்றைய வட நைசீரியாவில் உருவானது. போர்களில் சிறைப்பட்டோர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டுத் தானியம், பருத்தி, அவுரி ஆகியவற்றை விளைவித்தனர். அடிமைகள் பணம் செலுத்தி விடுதலை பெறும் வழியும் இருந்தது. 1903-இல் பிரித்தானியர் இவ்வரசை வென்ற பின்னும் அடிமை முறை உடனே மறையவில்லை. 1936-இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிந்தது.

சான்சிபார்: ஓமானிய சுல்தான்களின் ஆட்சியில் கிராம்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தன. 1873-இல் கடல்வழி அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டது. அடிமை நிலைக்கான சட்ட ஏற்பு 1897-இல் நீக்கப்பட்டது.

இவ்விரு அரசுகளிலும் தொழிலாளர் உடைமையாளரின் சொத்தாகக் கருதப்பட்டனர். அவர்களை விற்க முடிந்தது. சேர்வராயன் மலையில் தொழிலாளரை விற்க இயலாது. அவர்களது பிள்ளைகள் பிறப்பால் உடைமையாவதில்லை. கடன் தீர்ந்தால் ஊர் திரும்பலாம். இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் சொக்கோட்டோ அடிமை விடுதலைக்குச் செலுத்த வேண்டிய தொகையும் மலைத் தொழிலாளர் தீர்க்க வேண்டிய முன்பணமும் ஒரு வகையில் ஒத்திருந்தன: பணம் செலுத்தும்வரை இருவராலும் விலக முடியவில்லை.

விடுதலைக்குப் பின்

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தால் ஒருவரைப் பிணைப்பதைத் தடை செய்ததோடு, அத்தகைய கடன்கள் செல்லாதவை எனவும் அறிவித்தது. 1859-இல் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய அதே முன்பணம், இச்சட்டத்தின்படி, கொடுத்துப் பிணைத்தவரையே குற்றவாளியாக்குகிறது.

1982-இல் இந்திய உச்ச நீதிமன்றம், சட்டம் வகுத்த குறைந்த அளவு கூலிக்கும் கீழே பெற்று உழைப்பதும் கட்டாய உழைப்பே எனத் தீர்ப்பளித்தது. வறுமையின் காரணமாக வேறு வழியின்றி ஒப்புக்கொள்வதும் கட்டாயத்தின் ஒரு வடிவம் என்பது அத்தீர்ப்பின் கருத்தாகும்.