கிரேடு மூணு: ஒரு இதயச் சத்தத்தின் வரலாறு

1816-ல் பாரிஸின் நெக்கேர் மருத்துவமனையில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு இளம்பெண்ணின் இதயத்தைக் கேட்க வேண்டியிருந்தது. நேரடியாக மார்பில் காது வைக்க அவருக்குக் கூச்சம். தாள்களை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். வெறும் காதில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான். 1819-ல் வெளியிட்ட நூலில், சில இதயங்களிலிருந்து வரும் ஒரு கூடுதல் சத்தத்தை அவர் துருத்தி ஊதும் சத்தத்தோடு ஒப்பிட்டார். இன்று டாக்டர்கள் 'மர்மர்' என்று சொல்வதில் அதுவும் அடக்கம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு மணி. வயசு 11, பொமரேனியன். தடுப்பூசிக்குக் கூட்டிப் போன இடத்தில் டாக்டர், "ஹார்ட்ல மர்மர் இருக்கு, கிரேடு மூணு" என்றார். ஆனால் மணி எப்போதும்போலச் சாப்பிடுகிறான், கேட் சத்தம் கேட்டால் ஓடுகிறான். அப்போ இந்த 'மூணு' எதை அளக்கிறது?

லென்னெக்குக்கே சத்தம் கேட்டதே தவிர, காரணம் முழுசாகப் பிடிபடவில்லை. இதயத்தின் இரண்டாவது ஒலி மேலறைகள் சுருங்குவதால் வருகிறது என்று நினைத்தார். உண்மையில் அது வால்வுகள் மூடும் சத்தம். வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிந்தால், அந்தச் சுழிப்புதான் மர்மராகக் கேட்கும்.

கருவி பரவியதும் பயமும் பரவியது. மர்மர் கேட்டாலே இதயம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஆட்களைப் படுக்கையில் போட்டார்கள். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கென்சி இதைச் சந்தேகப்பட்டார். ஒரே ஊரில் பல வருஷம் இருந்ததால், அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. மர்மரோடு நன்றாக வாழ்பவர்கள் நிறையப் பேர் என்று கண்டார். சத்தத்தைவிட, இதயம் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார்.

1933-ல் அமெரிக்காவில் ஃப்ரீமன், லெவைன் இருவரும் மர்மருக்கு ஆறு படிகள் வகுத்தார்கள். ஒன்று, கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும். நாலிலிருந்து மார்பில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆறில் ஸ்டெதஸ்கோப்பை மார்பிலிருந்து கொஞ்சம் தூக்கினாலும் கேட்கும். மணியின் 'மூணு' இந்த அளவுகோலில் வந்தது. சொல்லப்போனால் அது சத்தம் எவ்வளவு பெரிசு என்பதற்கான எண். ஆயுள் எவ்வளவு என்பதற்கான எண் இல்லை.

இந்த வரலாற்றில் நாய்களுக்கு ஒரு கசப்பான பங்கு உண்டு. 1628-ல் ரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வி, நாய்கள் உட்படப் பல விலங்குகளை உயிரோடு அறுத்துத்தான் கற்றுக்கொண்டார். நாயின் இதயத்தை நாய்க்காகவே பெரிய அளவில் கேட்டது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டெட்வைலரும் கூட்டாளிகளும் ஆயிரக்கணக்கான நாய்களைப் பரிசோதித்தார்கள். சின்ன இன நாய்களுக்கு வயதாகும்போது மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது ரொம்பச் சாதாரணம் என்பது இன்று தெரிந்த விஷயம்.

சிகிச்சையில் பெரிய திருப்பம் 2016-ல் வந்தது. எபிக் என்ற ஆய்வில் 11 நாடுகளைச் சேர்ந்த 360 நாய்கள். எல்லாவற்றுக்கும் வால்வு கசிவு, இதயம் பெரிதாகியிருந்தது, ஆனால் அறிகுறி இன்னும் வரவில்லை. பிமோபென்டான் மருந்து எடுத்த நாய்களுக்கு இதயச் செயலிழப்போ இதயநோயால் மரணமோ வர ஆன இடைநிலைக் காலம் 1228 நாட்கள். வெற்று மாத்திரை எடுத்தவற்றுக்கு 766. கிட்டத்தட்ட 15 மாத வித்தியாசம். ஒரு நாயின் வாழ்க்கையில் 15 மாதம் சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தப் பலன் இதயம் பெரிதாகிவிட்ட நாய்களுக்குத்தான். அதனால் மர்மர் கேட்டதும் அடுத்த வேலை எக்கோ எடுத்துப் பார்ப்பது. மணிக்கு எடுத்தோம். வால்வில் கசிவு இருக்கு, இதயம் பெரிதாகவில்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாசம் கழித்து மறுபடி எக்கோ.

நடுவில் எனக்கு ஒரே வேலை: அவன் அசந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது. 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நேற்று ராத்திரி 18. நோட்டில் எழுதிவிட்டு நானும் தூங்கப் போனேன்.