மூடிய பள்ளத்துக்கு யார் பொறுப்பு? மதுரை வீதிகள், 1840கள் முதல் இன்றுவரை

மதுரைத் தெருக்கள் தோண்டி மூடப்பட்ட வரலாற்றை 1840களிலிருந்து தொடங்கலாம். கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. சுவரை இடித்து அகழியை நிரவியவர்களுக்கே அந்த நிலம் என்பது ஏற்பாடு. வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் இப்படி உருவானவை. நிரவிய இடத்தின் மேலேயே வீடு கட்ட வேண்டியிருந்ததால் மண் இறங்கக் கூடாதென்ற அக்கறை அவர்களுக்கு இருந்திருக்கும். பள்ளத்தை மூடுபவருக்கும் அதன் விளைவுக்கும் இடையிலான இந்தத் தொடர்புதான் பின்னாளில் அறுந்தது என்பது என் வாதம்.

1866இல் நகராட்சி வந்தது. அதன்பின் வைகைத் தண்ணீருக்குக் குழாய்கள், 1924இல் பாதாளச் சாக்கடை. வீதிக்கு அடியில் இன்னொரு நகரம் வளர்ந்தது. சட்டம் எதைக் கவனித்தது? 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி, தெருவில் குழி தோண்ட அனுமதி வேண்டியிருந்தது. அது மூடப்படும்வரை வேலி அடைத்து, இரவில் விளக்கு வைக்க வேண்டியிருந்தது. யாரும் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. எப்படி மூடுவது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அதற்கு முந்தைய 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், உள்ளாட்சிக்கு ஏற்படும் செலவைத் தருவதை அனுமதிக்கான நிபந்தனையாக்க வழிசெய்தது. தோண்டுபவர் பணம் கட்டுவார். மூடுவது வேறொருவர் வேலை. இந்தப் பிரிவினை இன்றும் நீடிக்கிறது.

பள்ளத்தை மூடுவது எளிய வேலையல்ல. குழாயைச் சுற்றி மணல் இட்டு, மேலே அளவான ஈரத்தோடு மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். பிறகு ஜல்லி, கடைசியாகத் தார். அள்ளிய மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, மேலே லாரியை ஓட்டிவிட்டால் மேல்பகுதி மட்டும் இறுகும். அடியில் காற்றிடைவெளி அப்படியே இருக்கும். கோடையில் சமமாகத் தெரியும் அந்த இடம் ஐப்பசி மழையில் உள்வாங்கும். அதற்குள் ஒப்பந்தக்காரரின் பில் பாஸாகியிருக்கும்.

பழைய நகரத்துக்கு மட்டும் இதில் ஒரு காவல் இருந்தது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரின் சக்கரம், சரியாக இறுகாத மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். தேரோட்டத்துக்கு முன் அவ்வீதிகளைச் சீராக்கியே தீரவேண்டும். புறநகர்த் தெருக்களுக்கு அத்தகைய கெடு கிடையாது.

தோண்டுவதையும் மூடுவதையும் பிரிட்டன் சட்டத்தாலேயே பிணைத்தது. 1991ஆம் ஆண்டின் புதிய சாலைகள் மற்றும் தெருப்பணிகள் சட்டம், தோண்டிய நிறுவனமே மூட வேண்டும் என்றது. அதன்கீழ் வந்த விதிகள் இரண்டு ஆண்டு உத்தரவாதம் கேட்கின்றன. ஆழமான பள்ளமானால் மூன்று. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுத் தந்தி வழியுரிமை விதிகள் சிறிது நெருங்கி வந்தன: தொலைத்தொடர்பு நிறுவனம் சீரமைப்புச் செலவைக் கட்டலாம், அல்லது தானே சீரமைப்பதாக ஏற்றால் வங்கி உத்தரவாதம் கேட்கப்படலாம் என்றன. ஆனால் அது கேபிளுக்கு மட்டுமே இருந்தது. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் அந்த விதி பொருந்தவில்லை; ஆழமாகத் தோண்டப்படுவதோ அவற்றுக்குத்தான்.

2016இல் பொலிவுறு நகரங்கள் பட்டியலில் மதுரை சேர்ந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாறு தண்ணீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டமும் பின்னர் தொடங்கியது. பல துறைகளுக்கு ஒரே தெரு வேலைக்களமானது. ஒட்டுக்கு மேல் ஒட்டாகத் தார் ஏறி, வாசற்படியைவிடச் சாலை உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டுமென 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் இறையன்பு பிறப்பித்த உத்தரவு மிகத் தேவையானது. அது மேற்பரப்பின் உயரத்தைக் காக்கும், அடிமண்ணை அல்ல.

நகருக்கு வெளியே மேலூர்ப் பக்கம், அடிமண் இறங்கும் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகும் என்று நினைக்கிறேன். கள்ளந்திரிக்கு அப்பால் பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதி அது. தண்ணீர் திறந்தால் வயலை ஒட்டிய சாலையோர மண்ணும் ஈரமேறி இளகும். அங்கே கோடையில் மூடிய பள்ளத்துக்கு ஒரு பாசனப் பருவமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்த பிறகே பில்லின் இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும். அதுவரை அந்தப் பள்ளம் தோண்டியவர் பெயரிலேயே நகராட்சிப் பதிவேட்டில் நிற்க வேண்டும்.