கோளாறு குதிரைக்கா? வகுப்பில் நான் பாக்கி வைத்த பதில்

வாழவந்தியில் மூன்று நாளாகப் பனிமூட்டம். வெளியே போக வழியில்லாமல் பழைய பாடக்குறிப்பு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கேள்வி ஞாபகம் வந்தது.

ஏழாம் வகுப்பில் பாண்டியர் பாடம். காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதைச் சொல்லிவிட்டு, "நம் நாட்டில் குதிரை இனவிருத்தி ஆகாது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "கோளாறு குதிரைக்கா டீச்சர், வளர்த்தவங்களுக்கா?" என்று கேட்டாள். "பாடத்தில் இருப்பதை மட்டும் கேள்" என்று உட்கார வைத்துவிட்டேன். அது என் தப்பு. அவளுக்கான பதிலை இன்று எழுதுகிறேன்.

மார்க்கோ போலோ இங்கே வந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியர் காலத்தில். வருஷத்துக்கு 10,000 குதிரைகள் கடல்வழியாக வந்தன, ஒன்றின் விலை 220 தினார் பொன் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பாண்டிய நாட்டுப் பொன் மூட்டை மூட்டையாகப் போனது உண்மை.

மார்க்கோ போலோ சொன்னதை மறுபடி நிதானமாகப் படித்தேன். நல்ல பெண்குதிரையை நல்ல ஆண்குதிரையோடு சேர்த்தாலும், கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத குட்டிதான் பிறக்கிறது என்கிறார். பிறக்கிறது என்றுதானே சொல்கிறார்! அப்படியானால் தாய் மலடு இல்லை. அதே மனிதர், குதிரைக்குச் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் போட்டார்கள் என்கிறார். குதிரை புல் தின்னும் பிராணி. அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு எப்படி உறுதிப்படும்? கால் கோணியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பெண்குதிரைக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பகல் நீளும் மாதங்களில்தான் அது ஒழுங்காகப் பருவத்துக்கு வரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்கப் பருவமே வராமல் இருப்பது இயற்கை. அதனால்தான் இன்று பந்தயக்குதிரைப் பண்ணைகளில் லாயத்தில் விளக்குப் போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டிப் பருவத்தை முன்கூட்டியே வரவழைக்கிறார்கள். நம் பக்கம் பகல் அவ்வளவு கூடிக் குறைவதில்லை. ஆனால் உடம்பு மெலிந்தால் இங்கேயும் பருவம் தவறும்.

சுற்று சுமார் 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள்தான் ஆண்குதிரையை ஏற்கும். கருமுட்டை வெளியாவது அந்தப் பருவம் முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு. வாலைத் தூக்கும், அடிக்கடி சிறுநீர் விடும், ஆண்குதிரை பக்கத்தில் வந்தால் அசையாமல் நிற்கும். மற்ற நாளில் கொண்டுபோனால் உதைதான். சினை பிடித்தால் 11 மாதம் சுமக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் காப்பி மூட்டை சுமந்த ஒரு மட்டக்குதிரை இருந்தது. சுமை வேலை ஓய்ந்த நாளில்தான் அதை அடிவாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்ப்பார்கள். அது யாருக்குத் தோதான நாள்? ஆளுக்குத்தான், குதிரைக்கு இல்லை. மூன்று வருஷம் பார்த்துவிட்டு, மலடு என்று விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தீனி போட்டுத் தேற்றி, நாள் பார்த்துச் சேர்த்தார். பிறகு ஒரு சந்தையில் அதைக் குட்டியோடு பார்த்தோம்.

தென்னாட்டில் குதிரை வளராது என்பதும் பொய்யாகிப் போனது. திப்பு சுல்தான் குணிகல்லில் குதிரைப் பண்ணை வைத்தார். நமக்குப் பக்கத்தில் ஓசூரில், 1824-இல் கம்பெனிப் படையின் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணைதான் இன்றைய அரசு கால்நடைப் பண்ணை.

அந்த மட்டக்குதிரையைச் சொன்ன அதே சொல்லை, பிள்ளையில்லாத என் பெரியம்மாவையும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியப்பாவை யாரும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. பெரியம்மா கடைசிவரை வளைகாப்பு வீடுகளுக்குப் போகாமலே இருந்துவிட்டார்.

கடைசி பெஞ்சுக் கண்ணு, இப்போது நீ எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. கோளாறு குதிரைக்கு இல்லையம்மா. நீ சரியாகத்தான் கேட்டாய். டீச்சர்தான் லேட்.