கதவுப் பித்தளை வேலை

மரக்கதவில் பொருத்தும் பித்தளைக் குமிழ், வளையம், கைப்பிடி, தாழ்ப்பாள் முதலியவை. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை துருப்பிடிக்காது. கருத்துப்போனாலும் புளி போட்டுத் தேய்த்தால் மீண்டும் பளபளக்கும். விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலப் (1837–1901) பிற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகள் பூவேலைக் குமிழ்களைப் பெருவாரியாகச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பின. அந்நாட்களில் செட்டிநாட்டில் எழுந்த பெருவீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளிலும் பித்தளை மின்னியது. கோயில் கதவின் மரபு வேறு, அதைவிடப் பழையது: கட்டம் கட்டமாகப் பிரித்த பலகையில் வரிசையாகக் குமிழ்கள், சிறு மணிகள், கதவைத் தள்ளும்போதே ஓசை எழும்.

2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக உள்ள கள்ளக்குறிச்சிக்குப் புகழ் தந்தது உலோகம் அல்ல, மரம். இவ்வூர் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் அதை 2019இலேயே பெற்றுவிட்டது. செதுக்கிய கதவில் பித்தளை பொருத்துவது பொறுமை கேட்கும் வேலை. பித்தளைத் திருகாணி மென்மையானது. முன்னதாகத் துளையிடாமல் தேக்கில் முறுக்கினால் தலை முறிந்துவிடும். இரும்புத் திருகாணியைப் போட்டு மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்: ஈரம் பட்டால் துருவேறி, மரத்தில் கருங்கறை படியும்.