நட்சத்திர வாசலுள்ள மத்ரஸா

இஸ்லாமியக் கட்டடக் கலையைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வோர் பெரும்பாலும் குவிமாடத்தையும் மினாராவையும் காட்டியதோடு நின்றுவிடுகின்றனர். அந்தச் சுவர்களுக்குள் யார் ஓதினார்கள், எப்படி ஓதினார்கள் என்பதையும் சொன்னாலல்லவா கட்டடம் உயிர்பெறும்!

உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகரிலே, ரெஜிஸ்தான் சதுக்கத்தின் மேற்குப் பக்கமாக நிற்கிறது உலூக் பேக் மத்ரஸா. தைமூரின் பேரன் உலூக் பேக் 1417இல் தொடங்கி 1420இல் கட்டி முடித்தது. முகப்பு வாசலை அண்ணாந்து பார்த்தால் வளைவுக்கு மேலே ஓடுகளால் பதித்த நட்சத்திரங்கள் தெரியும். உள்ளே சதுர முற்றம். சுற்றிவர மாணவர் தங்கும் சிற்றறைகள். மூலைகளில் பாட மண்டபங்கள். மார்க்கக் கல்வியோடு கணிதமும் வானியலும் அங்கு கற்பிக்கப்பட்டன. வாசல் நட்சத்திரங்கள் வெறும் அலங்காரமல்ல என்றே எண்ணத் தோன்றுகிறது.

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தை 16 தசம தானங்கள் வரை சரியாகக் கணித்த அல்-காஷி, சமர்கந்திலிருந்து தம் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி உண்டு. பாட சபையில் மன்னரும் அமர்வார். விளங்காமலே தலையாட்டுவதை அவர் பொறுக்கமாட்டார். சில வேளைகளில் வேண்டுமென்றே பிழையான கருத்தொன்றைச் சொல்வார். மரியாதைக்காக யாராவது ஆமோதித்தால், மீண்டும் அதையே எடுத்து அவரை வெட்கப்பட வைப்பார். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான். நமது வகுப்பறைகளில் தலையாட்டும் பிள்ளைக்குத்தானே நல்ல பெயர்!

நகருக்கு வெளியே, குன்றொன்றின் மீது உலூக் பேக் வான்நோக்குக் கூடமும் அமைத்தார். சுமார் 40 மீற்றர் ஆரையுள்ள பெரும் வில் ஒன்று, பாதி பாறைக்குள்ளே வெட்டப்பட்டது. அங்கே அளந்தவற்றைக் கொண்டு 1437இல் 1018 நட்சத்திரங்களின் அட்டவணை உருவானது.

1449இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட உலூக் பேக், சொந்த மகன் அப்துல் லத்தீபின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டார். வான்நோக்குக் கூடமும் அழிந்தது. அவரது மாணவர் அலி குஷ்ஜி பின்னர் இஸ்தான்பூல் சென்று, அயாசோபியா மத்ரஸாவில் கற்பித்து, 1474இல் அங்கேயே மரணமானார். குன்றின்மீது கூடம் இருந்த இடமே மறந்துபோயிற்று. 1908இல் வியாட்கின் என்ற ஆய்வாளர் தோண்டியபோது, பாறைக்குள் வெட்டிய வில்லின் அடிப்பகுதி மண்ணுக்குள்ளே கிடந்தது.