விலை போடாத பொம்மை

தாம்பரத்தில் எங்கள் தெருமுனை டெய்லர் கடையில் மெஷினுக்குக் கீழே எப்போதும் வெட்டுத் துணிகள் குவிந்து கிடக்கும். பக்கத்து மெக்கானிக் அள்ளிக்கொண்டு போய் கிரீஸ் துடைப்பார். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் இதற்கு இரண்டு பெயர். கொஞ்சமாவது காசு கிடைத்தால் 'ஸ்கிராப்', ஒன்றுமே தேறாவிட்டால் 'வேஸ்ட்'. இரண்டிலும் சேராத ஒரு கதை இது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். எனக்கு அது நினைவு தெரியாத வயது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

நிவாரணமாகப் படகும் வலையும் வந்தன. அவை பெரும்பாலும் ஆண்களின் தொழிலுக்கு. மீன் விற்ற பெண்கள்? கடல் என்றாலே பயம், கைக்கோ வேலை இல்லை.

ஆரோவில்லில் 'உபாசனா' என்று ஓர் ஆடை வடிவமைப்பு நிறுவனம் உண்டு. 1997ல் உமா பிரஜாபதி தொடங்கியது. அங்கே மிஞ்சிய துண்டுத் துணிகளை வைத்து, சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொம்மை. பெயர் 'சுனாமிகா', கடலின் மகள். உயிர்களை வாரிக்கொண்டு போன அதே அலையின் பெயர்தான்!

முக்கியமான விஷயம், இந்தப் பொம்மையை விற்கவில்லை. பரிசாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் செய்த பெண்களுக்குக் கூலி உண்டு. அந்தப் பணம் நன்கொடையாக வந்தது. இப்படியே பல லட்சம் பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிலையாக்கினார், கந்தல் துணியிலும் உருவங்கள் செய்தார். 1976ல் திறந்த அவருடைய ராக் கார்டனுக்கு இன்று டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் சுனாமிகாவுக்கு ஏன் விலை போடவில்லை?

எனக்குத் தோன்றுவது இதுதான். விலை போட்டிருந்தால் வாங்குபவர் பரிதாபப்பட்டு வாங்கியிருப்பார். இழந்தவர்கள் என்றைக்கும் கை நீட்டுபவர்களாகவே இருந்திருப்பார்கள். பரிசு என்றதும் அவர்கள் கொடுக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள்.

பேலன்ஸ் ஷீட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. டெய்லர் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்தத் துணிக் குவியலை இப்போது கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.